பெரியம்மா இடம்பெயர்ந்தவர், அம்மா அகதி

பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் இலங்கையின் வரைபடத்தைக் கோடாகப் போட்டு, வவுனியாவுக்கு மேற்கே ஒரு வட்டம் வரைந்தேன். "இது செட்டிக்குளம். போர் முடிந்த 2009இல் இங்கிருந்த மெனிக் பார்ம் முகாம்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் முள்வேலிக்குள் இருந்தார்கள்" என்றேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அணையோரத்து இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறவள். "அவர்கள் அகதிகள் இல்லை டீச்சர், இடம்பெயர்ந்தவர்கள். என் பெரியம்மா அங்கேதான் இருந்தார். அகதி என்றால் நாங்கள்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவள் சொன்னது சரி. தமிழில் நாம் 'அகதி' என்ற ஒரே சொல்லை எல்லோருக்கும் போட்டுவிடுகிறோம். கதியற்றவர் என்பது அதன் பொருள். அந்தப் பொருளில் பார்த்தால் வீடிழந்த யாரும் அகதிதான். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சட்டத்துக்கு அகதி வேறு, உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர் வேறு. 'சூடானில் ஒரு கோடி அகதிகள்' என்று செய்தியில் படிக்கும்போது அந்த ஒரு கோடிப் பேரில் பெரும்பாலோர் அகதிகளே இல்லை என்பதும், அதனாலேயே அவர்களுக்கு உதவி போய்ச் சேருவது கடினமாகிறது என்பதும் நமக்குப் பிடிபடுவதில்லை. அந்த வேறுபாட்டை முதன்முறையாகப் படிப்பவருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. தர்மபுரி மாவட்டத்தில் நாகாவதி அணை, தும்பலஅள்ளி அணை, வாணியாறு அணை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை என்று அணைக்கரைகளில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருப்பதாக 2021ஆம் ஆண்டுக் கணக்கு சொன்னது. அந்த ஆண்டுதான் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு மாற்றியது. பெயர்ப் பலகை மாறியது. சட்டப்படியான நிலை மாறவில்லை.

எல்லைக்கோடு

அகதி யார் என்பதை வரையறுத்தது 1951ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான அகதிகள் ஒப்பந்தம். இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவில் இருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சி, சொந்த நாட்டுக்கு வெளியே வந்து, அந்த நாட்டின் பாதுகாப்பை நாட முடியாமல் இருப்பவர் அகதி. முதலில் இது இரண்டாம் உலகப் போரின் பின்விளைவுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1951க்கு முந்தைய நிகழ்வுகளால் அகதியானவர்களை மட்டும் பேசியது. 1967ஆம் ஆண்டு நெறிமுறை அந்தக் காலவரம்பை நீக்கியது. ஆப்பிரிக்க நாடுகள் 1969இல் தங்களுக்கென்று ஓர் ஒப்பந்தம் செய்து, போராலும் அந்நிய ஆக்கிரமிப்பாலும் பொது ஒழுங்கு குலைந்ததாலும் தப்பி வந்தவர்களையும் அகதி என்றே ஏற்றுக்கொண்டன. மனிதர்கள் உண்மையில் எப்படி ஓடி வருகிறார்கள் என்பதை அறிந்து எழுதப்பட்ட வரையறை அது என்று எனக்குத் தோன்றும்.

அந்த நீண்ட வாக்கியத்தில் 'நாட்டுக்கு வெளியே' என்ற சொற்களைக் கவனியுங்கள். எவ்வளவு குண்டு விழுந்தாலும், எத்தனை முறை வீடு எரிந்தாலும், நாட்டின் எல்லையைத் தாண்டாதவரை ஒருவர் அகதி ஆவதில்லை. அவருக்கென்று தனிச் சொல் வேண்டும் என்று உலகம் உணரப் பல ஆண்டுகள் ஆயின. 1992இல் ஐக்கிய நாடுகள் சபை, சூடானைச் சேர்ந்த பிரான்சிஸ் டெங் என்ற இராஜதந்திரியை இதற்கான பிரதிநிதியாக நியமித்தது. அவர் தலைமையில் 1998இல் 'உள்நாட்டு இடப்பெயர்வு குறித்த வழிகாட்டிக் கோட்பாடுகள்' வெளிவந்தன. போர், வன்முறை, மனித உரிமை மீறல், இயற்கைப் பேரிடர் அல்லது மனிதரால் நேர்ந்த பேரிடர் காரணமாக வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்து, அனைத்துலக அளவில் ஏற்கப்பட்ட நாட்டு எல்லையைத் தாண்டாதவர் இடம்பெயர்ந்தவர் என்கிறது அது. இங்கே ஐந்து காரணங்கள் என்ற கட்டுப்பாடு இல்லை. வெள்ளமும் கணக்கில் வரும்.

எங்கள் மாவட்டத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கு ஓடி வந்தார்கள். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை; ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. ஓசூரில் என் சித்தப்பா வீட்டில் ஒரு குடும்பம் பதினைந்து நாள் தங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம்தான் அவர்களைப் பின்கதவு வழியாக அழைத்துப்போய் வண்டி ஏற்றிவிட்டிருந்தது. அந்த அம்மா, அடுப்பில் வைத்த பாலை இறக்காமல் வந்துவிட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வீடு என்ன ஆயிற்றோ என்று அவர் கேட்டதில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்குமா, பாத்திரம் கருகியிருக்குமா என்றுதான் கேட்பார்.

அவர்கள் தாண்டியது அத்திப்பள்ளிக்கும் ஜூஜுவாடிக்கும் இடையிலான மாநில எல்லை. அது நாட்டு எல்லை இல்லை. ஆகவே அவர்கள் அகதிகள் இல்லை; உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள். அவர்களுடைய உரிமை, ரேஷன், வழக்கு, இழப்பீடு எல்லாவற்றுக்கும் பொறுப்பு இந்திய அரசும் அதன் மாநிலங்களும்தான். ஜெனீவாவிலிருந்து யாரும் வரமாட்டார்கள். வர வேண்டிய அவசியமும் எழவில்லை.

பிழைப்புக்குப் போவது இதில் சேராது. ஞாயிற்றுக்கிழமை இரவு தர்மபுரி பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பெங்களூருக்குப் போகிறவர்கள் அரிசிப் பையும் துணி மூட்டையுமாக பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் கூட்டம் இன்னும் கூடும். அதுவும் துயரம்தான். ஆனால் அவர்கள் பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் திரும்பி வருகிறார்கள். வரும் நாளை அவர்களே முடிவு செய்கிறார்கள். இடம்பெயர்ந்தவரிடமும் அகதியிடமும் அந்த முடிவு இல்லை.

இந்தக் கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 மார்ச் முதல் இலங்கையின் பொருளாதார நெருக்கடி தாங்காமல் தமிழ்க் குடும்பங்கள் படகேறி தனுஷ்கோடிக்கு வந்தன. பால்மா கிடைக்கவில்லை, அரிசி வாங்க முடியவில்லை என்றார்கள். பசி அந்த ஐந்து காரணங்களில் இல்லை. அவர்களை இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரிலுள்ள முகாமில் தங்கவைத்தார்கள். கைக்குழந்தையோடு மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவரை என்ன பெயரால் அழைப்பது என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டுவது எனக்கு வலிக்கிறது. ஆனால் அந்தப் பெயரை வைத்துத்தான் மற்ற எல்லாம் முடிவாகிறது.

பொறுப்பு யாருடையது

அகதிக்கு உலகம் ஒரு வாக்குறுதி கொடுத்திருக்கிறது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள இடத்துக்கு அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1951 ஒப்பந்தத்தின் 33ஆம் பிரிவு. அவர்களுக்காக உழைக்க 1950 டிசம்பரில் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகம் ஏற்படுத்தப்பட்டது. கையெழுத்திட்ட நாடுகள் சட்டத்தால் கட்டுப்பட்டவை.

இந்தியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. இலங்கையும் இல்லை. இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. பல்லாண்டுகளாக 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தில்தான் முகாம் மக்கள் அடங்கியிருந்தார்கள். அதன் இடத்தில் 2025இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அந்த விலக்கு குடியுரிமை ஆகாது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. ஆக, எங்கள் அணைக்கரையில் கிடைக்கிற பணக்கொடையும் அரிசியும் வீடும் பள்ளியும் அரசு மனமிரங்கிச் செய்கிறவை. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என்று 2021இல் மாதப் பணக்கொடை உயர்த்தப்பட்டது. அது நல்ல காரியம். இருந்தாலும் இரக்கத்தில் கிடைப்பதும் உரிமையில் கிடைப்பதும் ஒன்றாகிவிடாது. ஆள் சரிபார்க்கும் நாளில் வேலையை விட்டுவிட்டு முகாமில் நிற்க வேண்டிய ஒருவரைக் கேளுங்கள், இந்த வேறுபாடு என்னவென்று அவர் சொல்லுவார்.

இடம்பெயர்ந்தவரின் நிலை இதைவிடச் சிக்கலானது. அவர் சொந்த நாட்டின் குடிமகன். எல்லா உரிமையும் அவருக்கு ஏட்டில் இருக்கிறது. அவரைக் காக்க வேண்டியவர் அவருடைய அரசுதான் என்று 1998ஆம் ஆண்டுக் கோட்பாடுகளும் சொல்கின்றன. அந்த அரசே போரில் ஒரு தரப்பாக இருந்தால்? அவரைத் துரத்தியது அந்த அரசின் படையாகவே இருந்தால்? வழிகாட்டிக் கோட்பாடுகள் சட்டமல்ல, யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆப்பிரிக்க நாடுகள் மட்டும் 2009இல் கம்பாலாவில் இதைச் சட்டக் கட்டுப்பாடுள்ள ஒப்பந்தமாக்கின. 2012 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. மற்ற இடங்களில் உதவி நிறுவனங்கள் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டியதுதான். 2008 செப்டம்பரில் இலங்கை அரசு, போர் நடந்துகொண்டிருந்த வட இலங்கையின் வன்னிப் பகுதியிலிருந்து ஐ.நா. ஊழியர்களையும் தொண்டு நிறுவனங்களையும் வெளியேறச் சொன்னது. வண்டிகள் புறப்பட்டபோது மக்கள் வாசலில் கூடிப் போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். போனார்கள். 2024 பிப்ரவரியில் சூடான் அதிகாரிகள் சாட் நாட்டிலிருந்து சூடானின் மேற்கிலுள்ள தார்பூருக்கு உணவு வரும் அட்ரே வழியை மூடினார்கள். ஆகஸ்ட் வரை திறக்கவில்லை. அந்த ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில்தான் தார்பூரின் சம்சம் முகாமில் பஞ்சம் என்று அறிவிக்கப்பட்டது. சம்சம், இடம்பெயர்ந்தவர்களின் முகாம். அதே தார்பூரைச் சேர்ந்தவர்களில் எல்லை தாண்டிச் சாட்டுக்குள் போனவர்கள் அகதிகள். அவர்களுக்கு உணவு கொண்டுபோகச் சூடான் அதிகாரிகளின் கையெழுத்து தேவையில்லை.

அக்காவும் தங்கையும்

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது அந்த மாணவியின் அம்மாவிடம், உங்கள் மகள்தான் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள் என்றேன். அவர் சிரித்தார். பிறகு பள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினார்.

1990 ஜூனில் இரண்டாம் கட்டப் போர் மூண்டபோது அவருக்கு எட்டு வயது. மன்னார்ப் பக்கம் அடம்பனிலிருந்து நடந்தே மடுத் தேவாலயத்துக்குப் போனார்கள். கோயில் வளாகம் முழுக்க ஆயிரக்கணக்கான குடும்பங்கள், மரத்துக்கு மரம் கட்டிய சேலை மறைப்புகள். ஐ.நா. அகதிகள் அலுவலகம் அங்கே ஒரு திறந்த நிவாரண மையம் நடத்தியது. ஓடிப்போய்க் கடலில் சாகாமல், வந்து பாதுகாப்பாக இருந்துவிட்டுச் சூழ்நிலை சரியானதும் வீட்டுக்குப் போகட்டும் என்ற ஏற்பாடு. சில மாதத்தில் தந்தை பொறுமை இழந்தார். பேசாலையிலிருந்து இரவுப் படகு. 1974ஆம் ஆண்டு இரண்டு அரசுகளும் கடலில் வகுத்துக்கொண்ட எல்லைக்கோட்டை இருட்டில் எங்கேயோ தாண்டினார்கள். "மடுவில் இருந்தவரை எங்களுக்கு இடம்பெயர்ந்தவர் என்று பெயர். விடிந்து இராமேஸ்வரத்தில் இறங்கியபோது அகதி. நடுவில் நான் தூங்கிவிட்டேன்" என்றார்.

மண்டபத்தில் பதிவு, அங்கிருந்து தர்மபுரி. பத்தடிக்குப் பத்தடி வீடு. குடும்ப அட்டையை இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம். அதில் எழுதியிருக்கும் குடும்பத் தலைவர் அவருடைய தந்தை. இறந்து பல காலமாகிவிட்டது.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்யாணமாகி ஒரு மாதம். மாமியார் வீட்டோடு அடம்பனில் தங்கிவிட்டார். 1999 நவம்பர் 20ஆம் தேதி மடுக் கோயில் மீது எறிகணைகள் விழுந்து அடைக்கலம் புகுந்தவர்கள் பலர் இறந்தார்கள். அக்கா அன்று தப்பினார். 2008இல் படைகள் மன்னாரிலிருந்து வடக்கே முன்னேறியபோது ஓட்டம் மறுபடி தொடங்கியது. அந்த ஏப்ரலில் மடு மாதாவின் சிலையையே குருமார்கள் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாதாவும் இடம்பெயர்ந்துவிட்டார், இனி நாம் எங்கே இருப்பது என்று ஊர் கலைந்தது என்றார்.

அக்கா போன இடங்களை அவர் ஒரு பாட்டுப்போல ஒப்பித்தார். இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், ஜெயபுரம், அக்கராயன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். பதினோரு இடம். ஒவ்வொரு இடத்திலும் தறப்பாள் கட்டி, பங்கர் என்கிற பதுங்குகுழி வெட்டி, கிணறு தேடி, மறுபடி அவிழ்த்துக்கொண்டு நடந்திருக்கிறார். முதல் இடத்தில் ஒரு டிராக்டர் நிறையச் சாமான் இருந்தது. ஏழாவது இடத்தில் ஒரு சைக்கிள். கடைசியில் ஒரு பை, அதற்குள் நிலத்துக்கான காணி உறுதிப் பத்திரமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும். கிளிநொச்சிக்குக் கிழக்கே உள்ள அந்தத் தருமபுரத்தின் பெயரைச் சொல்லும்போது அவர் சற்று நிறுத்தினார். "அக்கா தருமபுரத்தில் மரத்தடியில் இருந்தபோது நான் தர்மபுரியில் கூரைக்கடியில் இருந்தேன். பெயரில் ஓரிரு எழுத்துத்தான் வித்தியாசம்" என்றார்.

பன்னிரண்டாவதாக மெனிக் பார்ம். 2010இல் அக்காவை அடம்பனுக்கு அனுப்பினார்கள். அந்த முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டபோது முல்லைத்தீவுப் பக்கத்துக் கேப்பாப்புலவு மக்கள் கடைசியாக வெளியே வந்தார்கள். அவர்களைச் சொந்த ஊருக்கு விடவில்லை, ஊரில் ராணுவம் இருந்தது. பக்கத்தில் சீனியாமோட்டையில் குடியமர்த்தினார்கள். மீள்குடியேற்றம் முடிந்தது என்று அறிவித்தார்கள். ஊருக்கு வெளியே, ஊரைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் கணக்கில் 'திரும்பியவர்கள்'.

இடம்பெயர்ந்தவர்கள் என்றால் தமிழர் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளத்துப் பக்கம் ஓலைக் குடிசைகளில் அவர்கள் ஒரு தலைமுறைக் காலம் இடம்பெயர்ந்தவர்களாகவே இருந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளுக்கும் அதே பெயர்தான்.

நாடற்றவர் என்று இன்னொரு பிரிவும் உண்டு. எந்த நாடும் தன் குடிமகன் என்று ஏற்காதவர். இலங்கை 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தால், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களை அப்படி ஆக்கியது. பலர் கலவரங்களுக்கு அஞ்சி வன்னிக்குப் போய், அங்கிருந்து படகில் இங்கே வந்தார்கள். ஒரே மனிதர் நாடற்றவராகவும் இடம்பெயர்ந்தவராகவும் அகதியாகவும் வாழ்நாளில் மாறி மாறி இருந்திருக்கிறார். இதை விரித்தால் தனிக் கட்டுரை வேண்டும்.

போர் நடக்கும் நாட்டுக்கே அகதிகள் வருவது

வகுப்பில் பிள்ளைகளுக்கு மிகவும் வியப்பாக இருந்தது இதுதான். அகதிகள் எப்போதும் போர் நாட்டிலிருந்து அமைதி நாட்டுக்குப் போவார்கள் என்று நினைக்கிறோம். நடந்து போகிறவர் பக்கத்து நாட்டுக்குத்தான் போக முடியும். பக்கத்து நாடும் எரிந்துகொண்டிருக்கலாம்.

தென் சூடானை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜூலை 9இல் சூடானிலிருந்து பிரிந்து சுதந்திரம் பெற்றது. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர். பல லட்சம் பேர் எல்லை தாண்டினார்கள். அவர்களில் கணிசமானோர் தஞ்சம் புகுந்தது எந்த நாட்டிலிருந்து பிரிந்தார்களோ அதே சூடானில். பிறகு 2023 ஏப்ரல் 15இல் சூடானில் ராணுவத்துக்கும் துரித ஆதரவுப் படை என்ற துணை ராணுவத்துக்கும் போர் வெடித்தது. கார்ட்டூமில் அகதியாக இருந்தவர்கள் மறுபடி மூட்டை கட்டினார்கள். ஜோடா எல்லை வழியாகத் தென் சூடானின் ரெங்க் நகருக்கு லாரிகள் வந்துகொண்டே இருந்தன. 2025 தொடக்கத்துக்குள் சூடானிலிருந்து தென் சூடானுக்குள் வந்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்களை வரவேற்ற நாட்டில் ஏற்கெனவே இருபது லட்சம் பேர் சொந்த மண்ணில் இடம்பெயர்ந்து கிடந்தார்கள்.

ஒரே லாரியில் மூன்று பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் கார்ட்டூமில் பிறந்து வளர்ந்த சூடான்காரர். ரெங்க்கில் இறங்கியதும் அவர் அகதி. இரண்டாமவர் தென் சூடான்காரர், பத்தாண்டுகளுக்கு முன் ஓடிப்போனவர். அவர் நாடு திரும்பியவர். வந்தவர்களில் பெரும்பாலோர் இவரைப் போன்றவர்களே. மூன்றாமவர் எரித்திரியாவிலிருந்து தப்பிச் சூடானில் தஞ்சம் புகுந்தவர். அவருக்கு இது இரண்டாவது அந்நிய நாடு. பதிவு மேசையில் மூன்று பேரும் மூன்று வரிசைகளில் நிற்க வேண்டும். பசியும் புழுதியும் மூவருக்கும் ஒன்றுதான்.

இப்போது இரண்டாமவரைப் பின்தொடருங்கள். ரெங்க்கிலிருந்து வெள்ளை நைலில் படகேறி மலக்கால் போகிறார். ஊருக்குப் போக முடியவில்லை. 2019 முதல் தொடர்ந்த வெள்ளத்தில் ஊர் மூழ்கியிருக்கலாம், அல்லது அங்கே சண்டை நடக்கலாம். பென்டியு நகரத்து முகாமைச் சுற்றிக் கரை கட்டித் தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். கரைக்கு உள்ளே மனிதர்கள், வெளியே நீர். அப்படி ஓர் இடத்தில் அவர் தங்கினால் அன்றிலிருந்து அவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். நாடு திரும்பியிருக்கிறார், வீடு திரும்பவில்லை.

எண்கள் எப்படி வருகின்றன

2024 முடிவில் உலகில் வலிந்து வெளியேற்றப்பட்டவர்கள் 12.32 கோடிப் பேர் என்று ஐ.நா. அகதிகள் அலுவலகம் கணக்கிட்டது. அவர்களில் எல்லை தாண்டிய அகதிகள் 4.27 கோடி. போராலும் வன்முறையாலும் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் 7.35 கோடி. அகதி என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்த்தால் பெரிய பாதி கண்ணில் படாமலே போகிறது. சூடானில் மட்டும் அந்த ஆண்டு முடிவில் 1.16 கோடிப் பேர் உள்நாட்டில் இடம்பெயர்ந்திருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தர்மபுரி மாவட்டத்தில் 15 லட்சம் பேர், கிருஷ்ணகிரியில் ஏறத்தாழ 19 லட்சம் பேர். இரண்டையும் கூட்டி மூன்று மடங்கு ஆக்கினாலும் அந்த எண் வராது.

இன்னொன்றையும் பார்த்துப் படிக்க வேண்டும். இடப்பெயர்வைக் கண்காணிக்க ஜெனீவாவில் ஒரு மையம் இருக்கிறது. அது இரண்டு எண்களை வெளியிடுகிறது. ஆண்டு முடிவில் எத்தனை பேர் இடம்பெயர்ந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது ஒன்று. அந்த ஆண்டில் எத்தனை இடப்பெயர்வுகள் நிகழ்ந்தன என்பது மற்றது. 2024இல் இரண்டாவது எண் 6.58 கோடி, அதில் பெரும்பகுதி புயல், வெள்ளம் முதலான பேரிடர்களால். இது ஆட்களின் எண்ணிக்கை இல்லை. அடம்பன் அக்காவைப் போன்ற ஒருவர் முதல் கணக்கில் ஒரே ஆள். இரண்டாவது கணக்கில் பன்னிரண்டு. செய்திகளில் இந்த இரண்டையும் கலந்து எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அகதியை எண்ணுவது ஒப்பளவில் சுலபம். எல்லையில் பதிவு செய்கிறார், அட்டை வாங்குகிறார். இடம்பெயர்ந்தவர் பலநேரம் முகாமுக்கே வருவதில்லை. அத்தை வீட்டில், பள்ளிக்கூடத்தில், ஓசூரில் என் சித்தப்பா வீட்டில் தங்கியதைப்போல யார் வீட்டிலோ தங்கிவிடுகிறார். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் ஏறுவதில்லை.

அகதி, இடம்பெயர்ந்தவர் என்ற நிலை எப்போது முடிகிறது என்பதற்கு மூன்று வழிகள் சொல்கிறார்கள். சொந்த ஊருக்குத் திரும்புவது, வந்த இடத்திலேயே முழு உரிமையோடு வாழ்வது, வேறோர் இடத்தில் குடியேறுவது. அக்காவுக்கு முதல் வழி வாய்த்தது. அடம்பனில் மூன்று அறை வீடு கட்டி வயல் செய்கிறாராம். தங்கைக்கு முப்பத்தைந்து ஆண்டுகளாகியும் மூன்றில் ஒன்றும் கைகூடவில்லை. போரின் நடுவில் இருந்தவரின் கணக்கு முடிந்துவிட்டது. தப்பி வந்தவரின் கணக்கு இன்னும் திறந்திருக்கிறது. இவருடைய மகள் தர்மபுரி அரசு மருத்துவமனையில் பிறந்தவள், அவளும் அதே கணக்கில்தான் இருக்கிறாள்.

தென் சூடானைப் பற்றி நான் சொன்ன மறுநாள் அந்த மாணவி ஆசிரியர் அறைக்கு வந்தாள். ரெங்க்கில் இறங்கியவர்களோடு கார்ட்டூமில் பிறந்த பிள்ளைகளும் இருந்திருப்பார்களே, தென் சூடானைப் பார்த்தே இராதவர்கள், அவர்களையும் நாடு திரும்பியவர்கள் என்றுதான் எழுதுவார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அப்படியானால் நான் அடம்பனுக்குப் போனால்?"

உன்னையும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சொன்னேன். அவள் நோட்டைப் பிரித்து 'நாடு திரும்பியோர்' என்று எழுதினாள். 'திரும்பியோர்' என்பதற்கு அடியில் மட்டும் அடிக்கோல் வைத்து ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.